தொட்டபெட்டாவில் யாருக்கு மூச்சு வாங்கியது

பாலக்கோடு
28-5-1970

ஊட்டியில இருக்கிற மாயவன் அண்ணனுக்கு தங்கச்சி பாஞ்சாலி எழுதறதுங்க.

நானும் பொண்ணு மாதம்மாவும் பையன் மாதேஸ்வரனும் ஊர் வந்து சேர்ந்து ரெண்டு வாரம் ஆச்சு. வர்ற வழியில தொப்பூர் கணவாயில ஒரு லாரி கவுந்து கெடந்து ரோட்டை அடைச்சுக்கிச்சு. மூணு மணி நேரம் வெயில்ல நின்னோம். உங்க ஊர்க் குளிர்ல நாலு நாள் இருந்த உடம்பு, அடுப்போரம் உக்காந்த மாதிரி காந்திப் போச்சு. இதைச் சொல்றதுக்குத்தான் தாள் கிழிச்சேன்னு நெனைக்காதீங்க.

"போய்ச் சேருங்க, லெட்டர் போடறேன்"னு பஸ் ஸ்டாண்டுல சொன்னது நீங்க. ஒண்ணும் வரலே. நாங்க அத்தனை தூரம் வந்தது ஊட்டியைச் சுத்திப் பாக்கறதுக்காங்க? உங்க மகன் தீர்த்தகிரிக்கும் என் பொண்ணுக்கும் ஆவணியில உறுதி பண்ணிக்கலாம், வந்து ஒரு வார்த்தை பேசிட்டுப் போன்னு கூப்பிட்டீங்க, வந்தோம். நாலு நாள்ல அந்த ஒரு வார்த்தையை மட்டும் யாரும் பேசலே. அண்ணி சோறு போட்டாங்க, ஸ்வெட்டர் குடுத்தாங்க. நான் பேச்சை எடுத்தாப் போதும், அடுப்பங்கரைக்குள்ள பூந்துக்கிட்டாங்க.

அப்புறம் அந்த மலை. எதுக்குங்க அண்ணா எங்களைத் தொட்டபெட்டா ஏறச் சொன்னீங்க? ஊட்டியில பூந்தோட்டம் இல்லையா, ஏரி இல்லையா? மேல வரைக்கும் வண்டி போகுதுன்னு உச்சியில டீ வித்தவன் சொன்னான். நீங்கதான் "தமிழ்நாட்டுலயே உசந்த எடம், நடந்து போய்த்தான் பாக்கணும்"னு மரத்துக்குள்ள குறுக்கு வழியில கூட்டிட்டுப் போனீங்க. நாங்க ஆறு பேரும் புளிசாதத்தைத் தூக்கிக்கிட்டு உங்க பின்னால. நீங்க பத்தடிக்கு ஒருக்கா நின்னு, திரும்பி, என் பொண்ணு வர்ற பக்கமே பாத்தீங்க. அப்புறம் கைக்கடிகாரத்தைப் பாத்தீங்க. நான் கவனிக்கலேன்னு நெனைச்சீங்களா?

பொண்ணு பாக்க வர்றவங்க நடக்கச் சொல்லுவாங்க, நாலு வரி படிக்கச் சொல்லுவாங்க. மலை ஏறச் சொல்லி நான் கேட்டதில்லே. மாதுவோட அப்பா இருமி இருமிச் செத்தாரு, அந்த வியாதி பொண்ணுக்கும் இருக்குமோன்னுதானே பாத்தீங்க? அவரு கல்லு உடைக்கிற எடத்துல பன்னெண்டு வருசம் தூசியைக் குடிச்சவரு. அது தூசி இருமல்னு டாக்டரே சொன்னாரு. உங்களுக்குத் தெரியாததா?

இல்லேன்னா இல்லேன்னு ஒரு வரி எழுதுங்க.

பாஞ்சாலி


உதகமண்டலம்
9-6-1970

அன்புத் தங்கை பாஞ்சாலிக்கு அண்ணன் மாயவன் எழுதுவது.

உன் கடிதம் வந்தது. இங்கு எல்லோரும் சுகம். மழை பிடித்துவிட்டது. உருளைக்கிழங்கு அழுகுவதற்கு முன் தோண்டி எடுக்க வேண்டும் என்று தோட்ட முதலாளி நெருக்குகிறார். மேஸ்திரி வேலையில் ஞாயிறும் இல்லை, பண்டிகையும் இல்லை. பதில் தாமதமானதற்கு அதுதான் காரணம்.

மலைக்குப் போனது ஒரு நாள் எல்லோரும் சேர்ந்து சந்தோஷமாக இருக்கத்தான். வேறு நினைப்பு எதுவும் இல்லை. கடிகாரம் பார்த்தது மழைக்கு முன் இறங்க வேண்டுமே என்பதற்காக. நீ சின்ன வயதிலிருந்தே ஒன்றை ஒன்பதாக நினைப்பவள். மாது நல்ல பெண். அவளைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை.

கல்யாணப் பேச்சைக் கொஞ்சம் தள்ளி வைப்போம். தீர்த்தகிரிக்கு வேலை இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. இப்போது வேலை விஷயமாகக் கோயம்புத்தூர் போயிருக்கிறான், வர இரண்டு மூன்று மாதம் ஆகலாம். ஆவணி வேண்டாம். தை மாதம் பார்ப்போம்.

மாதேஸ்வரனை நன்றாகப் படிக்கச் சொல். அவன் கேட்ட யூக்கலிப்டஸ் தைலம் ஆள் வந்தால் கொடுத்து அனுப்புகிறேன்.

மாயவன்


பாலக்கோடு
17-6-1970

அண்ணனுக்கு,

மாதேஸ்வரன் படிப்பை முடிச்சு மூணு வருசம் ஆச்சுங்க. சர்க்கரை மில்லுக்குக் கரும்பு ஏத்தற டிராக்டர் ஓட்டறான். மலையில உங்க பக்கத்துலயே உக்காந்து டிராக்டர் கதைதான் அரை மணி நேரம் பேசினான். நீங்க எந்த நெனைப்புல லெட்டர் எழுதறீங்கன்னு இதுலயே தெரியுது.

தீர்த்தகிரிக்கு வேலை நிரந்தரம் ஆகலேன்னு எழுதியிருக்கீங்க. பொங்கலுக்கு வந்தப்ப, பையனுக்கு வேலை நிரந்தரம் ஆயிடுச்சு, இனி தாலி கட்ட வேண்டியதுதான்னு எங்க வூட்டு வாசல்ல நின்னு சொன்னது யாருங்க? அதுக்காக அண்ணி எனக்குச் சக்கரை குடுத்தாங்களே, அது எதுக்கு?

சரி, அதை விடுங்க. போன வாரம் நல்லம்பள்ளியில ஒரு கல்யாணம். அண்ணி ஊட்டியிலிருந்து அதுக்கு வந்துட்டுப் போனாங்களாம். அத்தனை கிட்ட வந்தும் என் வூட்டுப்படி ஏறலே. பந்தியில ஒருத்தர், மாயவன் வூட்டுக் கல்யாணம் எப்பன்னு கேட்டாங்களாம். அதுக்கு அண்ணி, "பொண்ணுக்கு ரெண்டு படி ஏறினா மூச்சு வாங்குதுங்க, முந்தானையில ரத்தம் வேற பாத்தேன், அப்பன் எப்படிச் செத்தான்னு உங்களுக்கே தெரியுமே"ன்னாங்களாம். எங்க ஊர் லூர்துமேரி டீச்சர் அதே பந்தியில உக்காந்திருந்தாங்க. அவங்க இட்டுக்கட்டிச் சொல்ற ஆள் கிடையாது.

முந்தானையில கறை இருந்தது நெசம். நான்தான் உங்க வூட்டுக் குழாயில கசக்கினேன். முள்ளு கீறிடுச்சுன்னு மாது சொன்னா. முள்ளு கீறினாக்கூட உங்க வூட்டுல அது க்ஷயரோகமா?

அண்ணா, நான் சண்டைக்கு எழுதலே. நீங்க தாய்மாமன். உங்க மகனுக்கு அவ உரிமைப் பொண்ணு. நீங்க வேண்டாம்னு ஒதுங்கினா, வெளியாளு எவன் வருவான்? சொந்த மாமனே விட்டான்னா உள்ள என்னமோ இருக்குன்னுதான் ஊரு சொல்லும். என் பொண்ணு பத்தொம்பது வயசுல மூலையில உக்காந்துடுவா. இதை மட்டும் நெனைச்சுப் பாருங்க.

பாஞ்சாலி


உதகமண்டலம்
2-7-1970

அன்புத் தங்கைக்கு,

கோவிந்தம்மாள் அப்படிச் சொல்லியிருக்க மாட்டாள். சொல்லியிருந்தாலும் வேறு அர்த்தத்தில் சொல்லியிருப்பாள். கல்யாண வீட்டுப் பேச்சு காற்றோடு போய்விடும். நீ அதைப் பெரிது பண்ணாதே.

எனக்கு மனசு சரியில்லை. நிறைய எழுத முடியவில்லை. மாதுவுக்கு வேறு நல்ல இடம் வந்தால் எங்களுக்காகக் காத்திருக்க வேண்டாம். நான் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டேன். தாய்மாமன் சீராக முதல் சேலை நான்தான் எடுத்து வருவேன்.

மாது மலையைப் பற்றி உன்னிடம் ஏதாவது சொன்னாளா? சொல்லியிருந்தால் எனக்கு எழுது.

மாயவன்


பாலக்கோடு
11-7-1970

அண்ணா,

இனிமே உனக்கு நீங்க வாங்க கிடையாது. நீன்னுதான் எழுதப் போறேன். கோவம் வந்தா வரட்டும்.

மாது ஏதாவது சொன்னாளான்னு கேட்டிருக்கே. அவ என்ன சொல்லணும்? நீ எதுக்குப் பயப்படறே? உன் லெட்டர்லயே அந்த ஒரு வரிதான் நெஞ்சிலிருந்து வந்திருக்கு. மத்ததெல்லாம் பூச்சு.

போன ஞாயித்துக்கிழமை நல்லம்பள்ளியிலிருந்து ஒரு வூட்டுக்காரங்க பொண்ணு பாக்க வந்தாங்க. நெலம் நீச்சு உள்ளவங்க, பையன் நல்ல மாதிரி. நான் கூப்பிடலே, அவங்களா வந்தாங்க. பலகாரம் வெச்சேன். பையனோட அம்மா தட்டைத் தொடலே. தண்ணிகூடக் குடிக்கலே. "மாமன் வூட்டுல ஏன் நின்னு போச்சு"ன்னு ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க. நான் பதில் சொல்றதுக்குள்ள முந்தானையை மூக்குக்கிட்ட கொண்டு போனாங்க. மாது அதைப் பாத்தா. எந்திரிச்சு உள்ள போயிட்டா. எனக்கு அந்தப் பொம்பளையோட கையைப் புடிச்சு முறிச்சுடலாமான்னு இருந்துச்சு.

இன்னொண்ணு சொல்றேன், இதை யாருகிட்டயும் சொன்னதில்லே. உன்னை மட்டுமா சந்தேகப்பட்டேன்? பெத்த பொண்ணையும் சந்தேகப்பட்டேன். முள்ளு கீறினதுன்னா கையில காயம் இருக்கணுமே. தலைக்கு எண்ணெய் வெக்கிற சாக்குல ரெண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பாத்தேன். ஒரு கீறல் இல்லே. அன்னையிலிருந்து அவ தொண்டையைக் கனைச்சாக்கூட ஓடிப் போய் அவ முந்தானையைப் பாத்தேன். அவ டம்ளரைத் தனியா வெச்சேன் அண்ணா. நான், அவ அம்மா. அவ அதையும் பாத்தா.

கடைசியில தாங்க முடியாம தர்மபுரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். படம் புடிச்சாங்க. சளி எடுத்துப் பாத்தாங்க. "உன் பொண்ணு நெஞ்சு சுத்தமா இருக்கும்மா, உனக்குத்தான் ரத்தம் கம்மி"ன்னு டாக்டர் சொன்னாரு. வெளியே வந்து வேப்பமரத்தடியில உக்காந்து அழுதேன். நீ படத்தை ஊர்ல காட்ட வேண்டியதுதானேம்பே. காட்டினேன். அந்தக் கருப்புத் தாளை யாரு படிச்சாங்க? மாமன் ஏன் விட்டான்னுதான் திரும்பவும் கேக்கறாங்க.

அவ ரத்தம் இல்லேன்னா முந்தானையில இருந்தது யாரு ரத்தம்? மலையில மூடுபனி எறங்கினப்ப மாதுவும் தீர்த்தகிரியும் மட்டும் பின்தங்கினாங்க. நீ திரும்பிப் போய்த்தான் கூட்டிட்டு வந்தே. அங்கே என்ன நடந்துச்சு? மாதுவைக் கேட்டேன், அதட்டினேன், கெஞ்சினேன். "மாமாவைக் கேளு"ங்கறா. அதுக்கு மேல வாய் திறக்க மாட்டேங்கறா.

கேக்கறேன். சொல்லு.

பாஞ்சாலி


உதகமண்டலம்
25-7-1970

பாஞ்சாலி,

இதை நான்கு முறை எழுதிக் கிழித்தேன். படித்ததும் அடுப்பில் போட்டுவிடு.

அது தீர்த்தகிரியின் இரத்தம்.

இரண்டு வருஷத்துக்கு முன் அவனுக்கு இருமல் வந்தது. பீடி இருமல் என்று நான்தான் திட்டினேன். பிறகு டாக்டர் டி.பி. என்றார். ஊசி போட்டோம், மாத்திரை கொடுத்தோம். யாருக்கும் சொல்லவில்லை, உனக்கும் சொல்லவில்லை. இந்த மார்ச் மாதம் டாக்டர் நன்றாகி வருகிறது, இன்னும் ஆறு மாதம் ஜாக்கிரதையாக இருக்கட்டும் என்றார். ஆனால் பொங்கலுக்கே நான் உன் வீட்டு வாசலில் நின்று வாக்குக் கொடுத்துவிட்டேன். உன் பெண்ணை என் பையனுக்குக் கட்டி வைத்து, நாளைக்கு அவனுக்கு ஏதாவது ஆனால் உன் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று பயம். டாக்டர் பேச்சை நம்பவும் முடியவில்லை, நம்பாமல் இருக்கவும் முடியவில்லை.

தோட்டத்துக்குப் புது ஆள் எடுக்கும்போது ஒரு மூட்டைக் கிழங்கைத் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறச் சொல்வேன். மேலே வந்ததும் அவன் பெயரைக் கேட்பேன். மூச்சு வாங்காமல் பெயர் சொன்னால் வேலை உண்டு. இருபது வருஷமாக ஆட்களை இப்படித்தான் எடுக்கிறேன். ஒரு முறையும் தவறியதில்லை. என் பையனையும் அப்படியே பார்த்துவிடலாம் என்று நினைத்தேன். இருப்பதிலேயே உயர்ந்த மலையை ஏறிவிட்டால் எந்தக் கவலையும் இல்லை என்று கணக்குப் போட்டேன். நீ உன் பெண்ணைப் பார்த்தேன் என்றாய். அவள் பக்கத்தில் நடந்தவனைத்தான் பார்த்தேன். எத்தனை நிமிஷத்துக்கு ஒரு முறை நிற்கிறான் என்றுதான் கடிகாரம் பார்த்தேன்.

ஏறுவதற்கு முன், "அப்பா, டாக்டரை ஒரு வார்த்தை கேட்டுக்கலாமா" என்றான். நான் கேட்கவில்லை.

மூடுபனியில் அவன் மரத்தைப் பிடித்துக்கொண்டு இருமினான். மாது முன்னால் போனவள் திரும்பி வந்து, தன் முந்தானையை அவன் வாயில் வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் போனபோது அதைத்தான் பார்த்தேன். யாரிடமும் சொல்லக்கூடாது என்று அந்த இடத்திலேயே அவளிடம் சத்தியம் வாங்கினேன்.

அவன் கோயம்புத்தூரில் வேலைக்குப் போகவில்லை, ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறான். ஆறிக்கொண்டிருந்த நெஞ்சை எந்த மடையன் மலை ஏற வைத்தான் என்று டாக்டர் கேட்டார். நான்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இன்னும் எட்டு மாதமாவது ஆகுமாம்.

கோவிந்தம்மாள் சொன்னது தவறு. பையனைக் காப்பாற்ற நினைத்துச் சொல்லிவிட்டாள். நானும் அவளைத் தடுக்கவில்லை. என் பெண் சின்னம்மாளைத் தொப்பூரில் லாரி வைத்திருக்கும் வீட்டில் கேட்கிறார்கள். வீட்டில் டி.பி. என்று தெரிந்தால் அதுவும் போய்விடும். உன்னைக் கும்பிட்டுக் கேட்கிறேன், இது உன்னோடு இருக்கட்டும்.

மாயவன்


பாலக்கோடு
1-8-1970

அண்ணா,

அடுப்புல போடலே. பெட்டியில வெச்சுப் பூட்டியிருக்கேன்.

தீர்த்தகிரிக்கு உடம்பு சரியில்லேன்னு படிச்சதும் நான் அழுதேன், அது வேற. உன் மேல எனக்குப் பத்திக்கிட்டு வருது. டி.பி. வந்தா அது அவன் செஞ்ச குத்தமா? என்கிட்ட சொல்லியிருந்தா நான் ஓடியா போயிருப்பேன்? முதல்ல வைத்தியத்தைப் பாரு, கல்யாணம் எங்கே போகுதுன்னு சொல்லியிருப்பேன். நீ கிழங்கு மூட்டைக்கு ஆள் புடிக்கிற மாதிரி பெத்த புள்ளையை மலையில ஏத்தி ஒடைச்சுட்டு வந்து நிக்கறே.

அது உன் புத்திகெட்டத்தனம். மன்னிச்சுடலாம். மன்னிக்க முடியாதது வேற. என் பொண்ணுகிட்ட சத்தியம் வாங்கினே. அவ வாயைக் கட்டிட்டே. அப்புறம் உன் பொண்டாட்டி ஊர் நடுவுல அவ பேர்ல சேத்தை அள்ளிப் பூசினப்ப கம்முனு இருந்தே. அவ உன் புள்ளையோட ரத்தத்தைத் தன் முந்தானையில ஏந்தினவ. அதே முந்தானையைக் காட்டி அவளையே நோயாளின்னு சொல்ல உங்களுக்கு எப்படி மனசு வந்துச்சு? நான் அவ டம்ளரைத் தனியா வெச்சேன்னு எழுதினேனே, அதைப் படிச்சுட்டு உனக்குச் சோறு எறங்குச்சா?

இப்பவும் நீ சொல்றது முழுக்க நெசமான்னு எனக்குத் தெரியாது. பொய் சொல்லிப் பழகின கை எழுதினது. தங்கச்சி வாயை அடைக்க இதையும் கட்டி எழுதியிருப்பியோன்னு ஒரு நிமிசம் தோணிச்சு. மாதுகிட்ட உன் லெட்டரைக் காட்டினேன். படிச்சா. "மாமா சொல்லிட்டாருல்ல, இனி நான் பேசலாம்"னா. அப்புறம் மலையில நடந்ததை ஒண்ணு விடாம சொன்னா. அதுக்கப்புறம்தான் நம்பினேன்.

சின்னம்மாளுக்காகக் கும்பிடறே. அவ எனக்கும் மருமக முறைதான், அவ மேல எனக்கு ஒரு கெட்ட எண்ணமும் கிடையாது. ஆனா உன் பொண்ணுக்கு ஒரு நியாயம், என் பொண்ணுக்கு ஒரு நியாயமா? உன் பொண்ணு கரையேறணும்னு என் பொண்ணு முங்கணுமா?

நான் உன் லெட்டரை ஊர்ல படிச்சுக் காட்டலாம். காட்ட மாட்டேன். தங்கச்சியே எழுதிக்கிட்டான்னு சொல்லுவாங்க. நீ சொல்லணும். வந்து சொல்ல உனக்குத் தைரியம் கிடையாது, அது எனக்குத் தெரியும். அதனால எழுது. கவர்ல வேண்டாம், ஒட்டி அனுப்பற லெட்டரும் வேண்டாம். ஒரு கார்டுல எழுது. இங்கே தபால்காரர் மாரியப்பன் கார்டைப் படிக்காம ஒரு வூட்டுலயும் குடுத்ததில்லே. டீக்கடையில சைக்கிளை நிறுத்தி சத்தமாப் படிச்சுட்டுத்தான் வருவாரு. அது போதும் எனக்கு.

அது வர்ற வரைக்கும் எனக்கு அண்ணன் இல்லே.

பாஞ்சாலி


கார்டு
உதகமண்டலம்
21-8-1970

பாலக்கோடு தங்கை பாஞ்சாலிக்கும், இந்தக் கார்டை வழியில் படிக்கிற எல்லோருக்கும் மாயவன் எழுதுவது.

சென்ற மே மாதம் பத்தாம் தேதி தொட்டபெட்டா மலை ஏறியபோது மூச்சு வாங்கியதும் இரத்தம் வந்ததும் என் மகன் தீர்த்தகிரிக்கு. அவனுக்கு டி.பி. இருக்கிறது, ஆஸ்பத்திரியில் இருக்கிறான். அவனை ஏற வைத்தது நான். என் தங்கை மகள் மாதம்மாவுக்கு எந்த நோயும் இல்லை. அவள் மூச்சு வாங்காமல் ஏறினாள். மூடுபனியில் என் மகனைத் தாங்கிப் பிடித்தவளும் அவள்தான். நல்லம்பள்ளிக் கல்யாணத்தில் என் மனைவி சொன்னது பொய். கல்யாணம் நின்றது எங்கள் வீட்டுக் குறையால். தாய்மாமன் சொல்கிறேன். சந்தேகம் இருப்பவர்கள் என்னை நேரில் வந்து கேட்கலாம்.

மாயவன்

இது உண்மை.
தீர்த்தகிரி


பாலக்கோடு
4-9-1970

அண்ணா,

கார்டு என் கைக்கு வர்றதுக்கு முன்னாலயே நாலு பேர் வூட்டுக்கு வந்து சொல்லிட்டாங்க. மாரியப்பன் கொண்டாந்து குடுக்கறப்ப என் முகத்தைப் பாக்கலே. டீக்கடையில படிச்சு முடிச்சதும் ஒவ்வொருத்தரா டீயைப் பாதியில வெச்சுட்டு எந்திரிச்சுப் போயிட்டாங்களாம். தினம் கதை அளக்கறவங்கதான் அத்தனை பேரும்.

ஜெயிச்சுட்டேன்னு சந்தோசப்படுவேன்னு நெனைச்சேன். வரலே. கீழே அந்தப் பையன் கையெழுத்துப் போட்டிருக்கானே, அதைப் பாத்ததும் அப்படியே திண்ணையில உக்காந்துட்டேன். படுக்கையில கெடக்கிறவன்கிட்ட கார்டை நீட்டிக் கையெழுத்து வாங்கினியா, இல்லே அவனாக் கேட்டுப் போட்டானா? அவனாத்தான் கேட்டிருப்பான். மாது அப்படித்தான் சொல்றா. அவ அந்த ரெண்டு வார்த்தையை ரொம்ப நேரம் பாத்துக்கிட்டு இருந்தா. அப்புறம் காட்டுக்குக் கடலைக்காய் பறிக்கப் போயிட்டா. அவ மனசுல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியலே. கேக்கவும் பயமா இருக்கு.

நல்லம்பள்ளிக்காரங்க மறுபடியும் ஆள் அனுப்பினாங்க. அந்தப் பையனோட அம்மாவே வந்து, நான் குடுத்த மோரைக் குடிச்சுட்டு, முகூர்த்தம் பாக்கலாமான்னு கேட்டாங்க. மாது உள்ளேயிருந்து வந்து, "எனக்கு வேண்டாங்க"ன்னு ஒரே வார்த்தையில சொல்லிட்டா. எனக்கு அவளை அடிக்கவும் தோணிச்சு, கட்டிப் புடிச்சுக்கவும் தோணிச்சு. ரெண்டும் செய்யலே. இன்னும் ஓரமாவே கெடந்த அவ டம்ளரை மட்டும் எடுத்து மத்த டம்ளரோட வெச்சேன்.

தொப்பூர்க்காரங்க சின்னம்மாளை வேண்டாம்னுட்டாங்கன்னு கேள்விப்பட்டேன். நீ எழுதலே. உனக்கு எழுத மனசு வராது. சந்தையில தக்காளி ஏத்தற லாரிக்காரங்க பேசிக்கிட்டதை மாதேஸ்வரன் கேட்டுட்டு வந்தான். ஒரு வாரமா எனக்குச் சரியாத் தூக்கமில்லே. கார்டு போடச் சொன்னது நான். நான் கேட்டது நியாயம்தான், இன்னைக்கும் அதையேதான் கேப்பேன். ஆனா என் பொண்ணு மேல இருந்ததை வழிச்சு உன் பொண்ணு மேல கொட்டினது என் கைதான். அதையும் நான் இல்லேன்னு சொல்ல முடியாது.

அதனால ஒண்ணு கேக்கறேன். சின்னம்மாளை என் மாதேஸ்வரனுக்குக் குடு.

நீ உடனே இதுல என்ன சூதுன்னு யோசிப்பே. யோசி. இந்த நாலு மாசம் நான் யோசிச்ச மாதிரி நீயும் கொஞ்ச நாள் யோசிச்சுக் கெட. நான் பாவம் பாத்துக் கேக்கலே. அவ அத்தை நான், எனக்கு உரிமை இருக்கு, கேக்கறேன். மாதேஸ்வரன்கிட்ட சொன்னேன். "இதைக் கேக்க உனக்கு இத்தனை நாளாம்மா"ன்னான். மலை மேல அரை மணி நேரம் டிராக்டர் கதையை அவன் உனக்கா சொல்லிக்கிட்டு இருந்தான்? சின்னம்மாள் உன் பக்கத்துல உக்காந்து கேட்டுக்கிட்டு இருந்தா. எனக்கும் இப்பத்தான் புரியுது. உன்னைச் சந்தேகப்பட்டுப் பட்டே எதிர்ல இருந்ததைக் கோட்டை விட்டிருக்கேன்.

முதல்ல பொண்ணைப் பொறுமையாக் கேளு. அவ வேண்டாம்னா அதோட விடு, அவளை யாரும் நெருக்கக் கூடாது. ஆஸ்பத்திரிக்குப் போறப்ப அவளையும் ஒருக்கா டாக்டர்கிட்ட காட்டிடு. அது அவ நல்லதுக்கு. டாக்டர் என்ன சொன்னாலும் என் பேச்சு மாறாது.

மாது உனக்கு ஒரு சேதி சொல்லச் சொன்னா. அடுத்த மாசம் அவளும் நானும் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்கு வர்றோம். தீர்த்தகிரியைப் பாக்கணுமாம். நான் சரின்னுட்டேன்.

சின்னம்மாள் சம்மதிச்சா புரட்டாசி போகட்டும், ஐப்பசியில கெளம்பி வா. அண்ணி கட்டாயம் வரணும். வர மாட்டேன்னு அடுப்பங்கரைக்குள்ள போனாங்கன்னா கையைப் புடிச்சுக் கூட்டிட்டு வா. அவங்களுக்கு நான் குடுக்க வேண்டிய திட்டு நெறைய இருக்கு, அதை லெட்டர்ல எழுதினா கிழிச்சுப் போட்டுட்டுப் போயிடுவாங்க. நேர்ல உக்கார வெச்சுத் திட்டறேன். திட்டி முடிச்சதும் சோறு போடறேன்.

உன் தங்கச்சி
பாஞ்சாலி